மலை ஈரத்துக்கும் போய்வரும் மின்சாரத்துக்கும் தாங்கும் கேமிங் கணினி: எந்த விசைப்பலகை, எந்த உதிரிகள்?

அரவேணு வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் இருக்கிறேன். இரண்டு ஆண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக ஒரு கேமிங் கணினியை அசெம்பிள் செய்ய முடிவு செய்திருக்கிறேன். மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். நான் ஆடுவது பெரும்பாலும் வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆகிய இரண்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைத்தான். விடுமுறை நாட்களில் கதையோடு நகரும் பெரிய விளையாட்டுகளையும் ஆடிப் பார்க்க ஆசை. அதோடு, அப்பா உறுப்பினராக இருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்கு மனு, தீர்மானம், வரவு செலவு அறிக்கை எல்லாவற்றையும் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பதும் நான்தான். ஆகவே விசைப்பலகை இரண்டு வேலைக்கும் ஒத்துவர வேண்டும்.

இணையத்தில் நான் பார்த்த பரிந்துரைகள் எல்லாம் வெயில் ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவையாகவே இருக்கின்றன. எங்கள் வீட்டில் வெப்பம் ஒரு சிக்கலே அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியில் மடித்து வைத்த சட்டையே பூஞ்சணம் பூத்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ள நீலச் சுவிட்ச் மெக்கானிக்கல் கீபோர்டு இரண்டாவது மழைக்காலத்திலேயே கெட்டுவிட்டது. ஒரு முறை அழுத்தினால் ‘எஸ்’ எழுத்து இரண்டு முறை விழுகிறது. ஆட்டத்தில் ‘டி’ விசையை அழுத்திப் பிடித்து ஓடும்போது நடுவே ஒரு கணம் விட்டுவிட்டது போல ஆள் நின்று நின்று போகிறான். மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்காவது ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் அன்றைக்கு நாலைந்து முறை போய்ப் போய் வரும். வந்த பிறகும் டியூப் லைட் எரியாத அளவுக்கு வோல்டேஜ் குறைவாக இருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, 1 டிபி எஸ்எஸ்டி, கேபினட்டோடு சேர்ந்து வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (உதிரிகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி), முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட், 24 அங்குல மானிட்டர், வண்ண விளக்குகள் உள்ள நீலச் சுவிட்ச் கீபோர்டு. யூபிஎஸ் பட்டியலில் இல்லை. இதில் எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று மலையில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடு பலகைத் தடுப்புப் போட்ட இரண்டு அறை வீடு. நீலச் சுவிட்சின் டக் டக் சத்தத்தில் பாட்டிக்குத் தூக்கமே வருவதில்லை.

குன்னூர் சர்வீஸ்காரர்:

தம்பி, குன்னூரில் பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி என் மேசைக்கு வாராவாரம் வரும் குறைகள்தான். உங்கள் பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டு சரியான தேர்வு. விடுபட்டிருப்பது யூபிஎஸ், சிக்கனம் பார்த்திருப்பது எஸ்எம்பிஎஸ். மலையில் இருப்பவர் முதலில் பணம் ஒதுக்க வேண்டியவை இவை இரண்டும்தான் என்பதால், விசைப்பலகைக்கு வருமுன் மின்சாரத்தையே சொல்லிவிடுகிறேன்.

குறைந்த வோல்டேஜைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக எடுத்துக்கொள்ளும் சுற்று) உள்ள தரமான எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எதையும் வாங்கிக்கொண்டு உள்ளே ஒரே சீரான 12 வோல்ட்டைக் கொடுத்துவிடும். டியூப் லைட் எரியாத நேரத்திலும் அந்தக் கணினி ஓடும். தொல்லை தருவது கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய்வரும் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. நல்ல எஸ்எம்பிஎஸ் முழுப் பளுவில் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை தன்னிடம் தேக்கி வைத்த மின்சாரத்தில் தாக்குப்பிடிக்கும். கேபினட்டோடு இலவசம் போல வருபவை அதில் பாதி நேரம்கூட நிற்காமல் விழுந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விளக்கு லேசாக மினுக்கியதற்கே கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற, ஐந்து ஆண்டு உத்தரவாதம் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட்தான் என்பதால் அதற்கு மேல் வேண்டியதில்லை.

யூபிஎஸ் எடுக்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விஏ (வோல்ட் ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்று போட்டிருப்பது வழக்கமாக 360 வாட்டுக்குத்தான் தாங்கும். சென்ற ஆண்டு ஒரு பையன் தன் யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். படம் பார்க்கும்போது கரண்ட் போனால் பத்து நிமிடம் நிற்கிறது, ஆட்டத்தில் இருக்கும்போது போனால் அதே நொடியில் கணினியும் அணைகிறது என்றான். யூபிஎஸ்ஸில் பழுது எதுவும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு முழுவேகத்தில் ஓடும்போது ஏற்படும் மின்தேவையின் திடீர் ஏற்றத்தை அதனால் சுமக்க முடியவில்லை. நீங்கள் 1 கேவிஏ எடுங்கள், அது சுமார் 600 வாட் தாங்கும். முடிந்தால் பேட்டரியில் ஓடும்போதும் சைன் அலையாகவே தரும் வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் படிக்கட்டு போன்ற அலையைத் தரும் மலிவு யூபிஎஸ்களோடு ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சில சமயம் ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். குளிரில் ஈய பேட்டரியின் கொள்ளளவு சற்றுக் குறையும் என்பதால் பெட்டியில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆட்டத்தை முடித்துவிட்டு முறையாக அணைக்க நேரம் கிடைத்தால் போதும்.

அடுத்தது எர்த். வீட்டில் பழைய கணினி இருந்தால், அது ஓடும்போது அதன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சுள்ளென்று எறும்பு ஊர்வது போல இருந்தால் உங்கள் பிளக் பாயின்ட்டுக்கு எர்த் வரவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கசியும் மின்சாரத்தை எர்த் கம்பிக்கே அனுப்புகின்றன; அந்தக் கம்பி இல்லையென்றால் அது கேபினட்டின் உலோகத்திலேயே தங்கிவிடும். பழைய தோட்ட வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், ஆனால் மூன்றாவது துளையின் பின்னால் கம்பியே இருக்காது. ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து இதைச் சரிசெய்த பிறகு புதுக் கணினியைக் கொண்டுவாருங்கள்.

உயரத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான வெப்பத்தையே வெளியே தள்ளும். ஆனால் நம் அறைக்காற்று சமவெளியைவிடப் பத்து, பதினைந்து டிகிரி குளிர்ச்சியானது என்பதால் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடிகிறது. பிராசஸரோடு வரும் கூலரே போதும். தண்ணீர்க் கூலர் வேண்டாம். அந்த முன்கண்ணாடி கேபினட்டை மட்டும் விட்டுவிட்டு முன்பக்கம் வலை போட்டதை எடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கூடுதல் சேமிப்புக்குப் போடுவதானால் தாராளமாகப் போடலாம். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகள் 3,048 மீட்டர் வரை இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

ரேம் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்கிப் பொருத்துங்கள். இரண்டு வழியிலும் தரவு ஓடும். நீங்கள் ஆடும் விளையாட்டுகளில் அது கண்கூடாகத் தெரியும். பொருத்தியதும் பயோஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க மறக்காதீர்கள். பிராசஸரில் ஒரு யோசனை உண்டு. ரைசன் 5 5600-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்காகக் கீழே போனால் வாரக்கணக்கில் திரையே வராது. சங்கத்து மனுவும் நின்றுபோகும். ரைசன் 5 7600-இல் அந்த வசதி உண்டு, பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றவும் வழி உண்டு. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேமும் புதுவகை மதர்போர்டும் வேண்டும். உங்கள் தொகையில் அதற்குப் போனால் யூபிஎஸ் அடிபடும். பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால் அதைத் தட்டச்சுக்கு வைத்துக்கொண்டு 5600-ஐயே எடுங்கள்.

இப்போது விசைப்பலகை. சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. விசையை அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொடும். தொடுகிற கணத்தில் அவை மிக நுண்ணிய அளவில் துள்ளும். அந்தத் துள்ளலைச் சில மில்லிநொடிகள் வரை பொருட்படுத்தாமல் விடும்படி கீபோர்டின் சிப்பில் எழுதியிருப்பார்கள். தொடும் முனையில் அழுக்கோ துருவோ படிந்தால் துள்ளல் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதுதான் உங்கள் ‘எஸ்’ இரண்டாக விழுவது. ‘டி’ நடுவில் விட்டுவிடுவதும் அதே காரணத்தால்தான். கூடலூர் பக்கமிருந்து வந்த ஒரு கீபோர்டின் சுவிட்சை ஊக்கால் நெம்பித் திறந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். செம்பு நிறத் தகட்டின் ஓரத்தில் கோயில் மணியின் விளிம்பில் படிவது போல மெல்லிய பச்சை படிந்திருந்தது. மழைக்காலம் முழுவதும் சன்னலோர மேசையில் திறந்தபடியே கிடந்த கீபோர்டு அது.

ஆகவே என் பரிந்துரை, ஹாட் ஸ்வாப் வசதி உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு. அதில் சுவிட்சைச் சாலிடரிங் இல்லாமல், உடன் தரும் சிறு இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஒரு சுவிட்ச் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்து உதிரிச் சுவிட்ச்களை வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் கோயம்புத்தூர் இறங்காமலேயே ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். நீலம் வேண்டாம். டக் சத்தமில்லாமல், தடங்கலின்றி நேராக இறங்கும் நேர்கோட்டு வகைச் சிவப்புச் சுவிட்சையோ, சிறு தடங்கல் தெரியும் பழுப்புச் சுவிட்சையோ எடுங்கள். உங்களுக்குத் தட்டச்சும் இருப்பதால் நான் பழுப்பையே சொல்வேன். மிக மென்மையான சுவிட்சுகளைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழிக் காலையில் விரல் விறைத்திருக்கும்போது அவை தொட்டாலே எழுத்து விழுந்துவிடும்.

பண்ணைக்காடு வாசகி:

வணக்கம். நான் பழனி மலையில், கொடைக்கானலுக்குக் கீழே பண்ணைக்காட்டில் இருக்கிறேன். மின்சாரத்தைப் பற்றிக் குன்னூர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். விசைப்பலகையில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. துருப்பிடிக்கும் தகட்டை எளிதாக மாற்றிக்கொள்ளலாம் என்பது சரிதான், ஆனால் தொட்டுக்கொள்ளும் தகடே இல்லாத சுவிட்ச் இருக்கும்போது ஏன் அதை எடுக்கக் கூடாது?

காந்தச் சுவிட்ச் கீபோர்டைத்தான் சொல்கிறேன். கடைகளில் ஹால் எஃபெக்ட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மின்னோட்டம் செல்லும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகிறது என்று எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். அதே விளைவுதான் இதில் வேலை செய்கிறது. விசையின் தண்டில் ஒரு காந்தம், கீழே பலகையில் ஒரு உணரி. காந்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை உணரி அளக்கிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை. நான் இதை வாங்கி மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. முன்பு வைத்திருந்த மெக்கானிக்கலில் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு, மூன்று விசைகள் இரட்டித்தன. இதில் இதுவரை ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

நீங்கள் ஆடும் விளையாட்டுகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சாதாரணச் சிவப்புச் சுவிட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டரில்தான் அழுத்தம் பதிவாகும். மேலே வரும்போதும் ஏறத்தாழ அந்த இடத்தைக் கடந்தால்தான் விட்டதாகக் கணக்கு. காந்தச் சுவிட்சில் பதிவாகும் ஆழத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். ரேப்பிட் ட்ரிக்கர் என்னும் அமைப்பை இயக்கினால், விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும் சற்றே மேலெழுந்த உடனேயே விசை விடுபட்டுவிடும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென நின்று சுட வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு கைக்குத் தெரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. எதிரெதிர் திசை விசைகள் இரண்டில் கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஸ்னாப் டேப் போன்ற வசதியை, அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இன் தன் சர்வர்களில் தடை செய்துவிட்டது. அந்த வசதி உங்கள் கீபோர்டில் இருந்தால் ஆடும் முன் அணைத்துவிடுங்கள். ரேப்பிட் ட்ரிக்கருக்குத் தடை இல்லை.

மலையில் இருப்பவர் கவனிக்க வேண்டிய குறை ஒன்றும் இதில் உண்டு. காந்தத்தின் வலிமையும் உணரியின் அளவீடும் வெப்பநிலைக்கு ஏற்ப மிகச் சிறிய அளவில் மாறும். பதிவாகும் ஆழத்தை 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டு, தை மாதத்து விடியற்காலையில் உட்கார்ந்தபோது நான் தொடாமலேயே ஒரு விசை அழுத்தியபடி நின்றது. மென்பொருளில் காலிபிரேஷன் (உணரியின் அளவைச் சரிப்படுத்துதல்) செய்து ஆழத்தை 0.6-க்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை. நான் பார்த்தவரை இவ்வகையில் பெரும்பாலானவை நேர்கோட்டு வகைதான், பழுப்புச் சுவிட்சின் அந்தச் சிறு தடங்கல் விரலுக்குக் கிடைக்காது. தமிழ்99 விசை அமைப்பில் தட்டச்சு செய்பவருக்கு அது தொடக்கத்தில் குறையாகத் தோன்றலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் மாறி மாறி வருவதால் அந்த முறையில் இயல்பாகவே ஒரு தாளம் அமைந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது.

விசை மூடிகள் பிபிடி பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று கேளுங்கள். ஏபிஎஸ் மூடிகள் சில மாதத்தில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். அலுமினிய உடம்பு உள்ள கனமான கீபோர்டு படத்தில் அழகாக இருக்கும். குளிர்காலத்தில் அதில் மணிக்கட்டை வைத்தால் கிணற்றடிக் கல்லில் வைத்தது போல இருக்கும். பிளாஸ்டிக் உடம்பே நமக்கு நல்லது.

கூடலூர் மழை:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். சித்திரை மாத இடியில் எங்கள் தெருவில் கெட்டுப்போன கணினிகளில் பாதிக்கு மேல் மின்கம்பி வழியாகக் கெடவில்லை, இணையக் கேபிள் வழியாகவே கெட்டன. கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கும் செம்புக் கேபிள் இடியின் மின்தாக்கத்தை நேரே மதர்போர்டின் லேன் போர்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும். என் மதர்போர்டில் லேன் சிப் இருந்த இடத்தில் மிளகளவு கரும்புள்ளிதான் மிஞ்சியது. மற்றவை எல்லாம் நன்றாக இருந்தன. இப்போது ஃபைபருக்கு மாறிவிட்டேன். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனாலும் வீட்டுக்குள் வரும் ஃபைபர் கேபிளில் பலத்துக்காக எஃகுக் கம்பி இருப்பதுண்டு. அதை எந்த உலோகத்திலும் தொடவிடாமல் வெளியிலேயே வெட்டிவிடும்படி கேபிள்காரரிடம் சொல்லுங்கள். ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் இணையுங்கள். அப்போதுதான் கரண்ட் போனாலும் ஆட்டம் அறுந்துவிடாது. இடி தொடங்கும் முன்பே லேன் கேபிளையும் பவர் பிளக்கையும் கையால் பிடுங்கிவிடுவதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை; இடி தொடங்கிவிட்டால் அவற்றைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, கொண்டுவரும் முறை. கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கினால், மலையேறும் முன் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ வரை எடையுள்ள பொருள் மதர்போர்டின் ஒரே துளையில் தொங்கிக்கொண்டு இத்தனை வளைவுகளைத் தாண்டி வருவது நல்லதல்ல. கேபினட்டை மதர்போர்டு கீழே படுத்திருக்கும்படி கிடத்திக் கொண்டுவாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். உத்தரவாதத்துக்காகத் திரும்ப இறங்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

அரவேணு வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பழைய கணினியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஐயா சொன்னது போலவே சுள்ளென்று இருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில் எங்கள் அறைச் சாக்கெட்டில் எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. இத்தனை ஆண்டும் அதோடுதான் வாழ்ந்திருக்கிறோம். சனிக்கிழமை புதுக் குழி தோண்டி எர்த் போடுகிறோம்.

எஸ்எம்பிஎஸ், 1 கேவிஏ யூபிஎஸ், வலை போட்ட கேபினட், இரண்டு 8 ஜிபி ரேம் என்று பட்டியலைத் திருத்திவிட்டேன். கணக்குப் போட்டதில் தொகை சற்று மிஞ்சுகிறது. எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அக்கா சொன்ன காந்தச் சுவிட்சுக்கே மனம் போகிறது, ஆனால் அதில் ஒரு விசை கெட்டால் மலையில் யார் சரிசெய்வார்கள்? மானிட்டரில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை காட்சி மாறும்) ஐபிஎஸ் வகைத் திரை ஒன்றும், அதே விலையில் வளைந்த விஏ வகைத் திரை (யூபிஎஸ்ஸின் விஏ வேறு) ஒன்றும் காட்டுகிறார்கள். எதை எடுப்பது?

குன்னூர் சர்வீஸ்காரர்:

தம்பி, எர்த் போடுவதைக் கேட்டதும் மனம் நிறைந்தது. கணினிக்காக மட்டும் இல்லாமல் வீட்டில் உள்ள எல்லாருக்காகவும் செய்கிற வேலை அது.

பண்ணைக்காடு சகோதரி சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மூன்று மழைக்காலம் ஒரு விசைகூட இரட்டிக்காமல் இருந்தது என்றால் அது சாதாரணம் அல்ல. அந்த வகையில் கெடக்கூடியது சுவிட்ச் அல்ல, பலகைதான். பலகை கெட்டால் என்னைப் போன்றவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, உத்தரவாதத்தைத்தான் நம்ப வேண்டும். ஆகவே ஆட்டத்துக்காக முதன்மையாக வாங்குகிறீர்கள் என்றால் காந்தச் சுவிட்சை இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு வாங்குங்கள். பழைய நீலச் சுவிட்ச் கீபோர்டைத் தூக்கிப் போட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை அந்த இரண்டு சுவிட்ச்களுக்குள்ளும் மூன்று சொட்டு விட்டு ஐம்பது முறை அழுத்தி, ஒரு நாள் உலரவிட்டால் இன்னும் சில காலம் ஓடும். பகலில் மனு எழுத அது போதும். எந்தக் கீபோர்டாக இருந்தாலும் வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். நான் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். நிறம் மாறியதும் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. நீல நிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு.

மானிட்டரில் தயங்காமல் ஐபிஎஸ் எடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடிதான். ஆனால் அந்த நேரத்துக்குள் திரையின் திரவப் படிகங்கள் திரும்பி முடிக்க வேண்டும். விஏ திரையில் கருமையிலிருந்து சற்றே வெளிறிய கருமைக்கு மாறுவது இயல்பாகவே மெதுவானது. குளிரில் திரவப் படிகத்தின் பிசுபிசுப்பு கூடுவதால் அது இன்னும் மெதுவாகும். இருட்டு மூலையில் ஓடும் எதிரியின் பின்னால் புகை இழுத்தது போலத் தெரியும். ஐபிஎஸ்ஸும் உறைபனிக் காலையில் முதல் பத்து, பதினைந்து நிமிடம் சற்று மந்தமாகத்தான் இருக்கும். போட்டி ஆட்டத்துக்கு முன்னால் திரையை எரியவிட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மிஞ்சும் தொகையில் ஒரு நல்ல மவுஸ்பேடு வாங்கலாம். துணி மவுஸ்பேடு மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மவுஸைப் பிடித்து இழுக்கும். குறி தவறுவதற்குத் தன் கையையே குறை சொல்லும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வழவழப்பான பூச்சு உள்ளதை எடுங்கள்.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கணினியை அணைத்தே போடாதீர்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது ஓடினால் உள்ளே உண்டாகும் சூட்டிலேயே ஈரம் வெளியேறிவிடும். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுத் துணியைக் காப்பாற்றுகிறோமே, அதே வழிதான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், தரையிலிருந்து உயர்த்தியும், அடுப்படி ஆவி வராத பக்கமாகவும் வையுங்கள்.

பண்ணைக்காடு வாசகி:

தம்பி, கீபோர்டு வந்த அன்றே காலிபிரேஷன் செய்துவிடாதீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் ஒரு இரவு உங்கள் அறையிலேயே வைத்து, மறுநாள் மாலை நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில் இணைத்து, பத்து நிமிடம் கழித்துச் செய்யுங்கள். மார்கழி பிறந்ததும் இன்னொரு முறை செய்தால் போதும்.